ஈண்டலும் ஈட்டலும்

திருக்குறளில் இறைமாட்சி என்னும் அதிகாரத்தின் ஐந்தாம் குறள் (385) அரசன் வல்லனாதற்குரிய செயல்களாக இயற்றல், ஈட்டல், காத்தல், வகுத்தல் என்னும் நான்கினை நிரல்பட வைக்கின்றது. முதுகலை வகுப்பில் இக்குறளைப் பாடஞ்சொல்லுந்தோறும் மாணவருள் ஒருவரேனும் ஓர் ஐயத்தை எழுப்பக் கண்டிருக்கிறோம். இயற்றல் என்பது பொருளை உண்டாக்குதல். ஈட்டல் என்பது பொருளைச் சம்பாதித்தல். இரண்டும் ஒன்றேயாக, இரண்டடியில் நூல் செய்த ஆசிரியர் ஒன்றனையே இருகாற் கூறுவாரோ என்பது அவ்வையம். வினா நேரியதே. வழு ஆசிரியர்பால் இல்லை. ‘ஈட்டு’ என்னும் சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருளைப் பண்டைய செய்யுளின்மேல் ஏற்றிப் பார்ப்பதில் உள்ளது. இச்சொல்லும் இதற்கு இணையாகிய ‘ஈண்டு’ என்னும் வினையும் எப்பொருளில் தோன்றி எவ்வாறு இன்றைய நிலையை எய்தின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பரிமேலழகர் உரையை நோக்குவோம். இயற்றல் என்பதற்குப் பொருள்கள் வரும் வழிகளை மேன்மேலும் உண்டாக்குதல் என்றும், ஈட்டல் என்பதற்கு அவ்வாறு வந்தவற்றை ஓரிடத்தே தொகுத்தல் என்றும் அவர் வேறுபாடு காட்டுகின்றார். பகைவரை அழித்தல், திறை கொள்ளல், தன் நாட்டைத் தலையளித்தல் முதலியனவே வரும் வழிகள் என்பதும் அவர் விளக்கம். எனவே பொருளைப் பெறுதல் எனும் கருத்து முழுவதும் இயற்றலுள் அடங்கிவிடுகின்றது. ஈட்டலுக்கு எஞ்சுவது சேர்த்து நிறைத்தல் ஒன்றே. ஏரிக்கு வாய்க்கால் வெட்டுதல் ஒரு தொழில்; வாய்க்கால் தந்த நீரை ஏரியில் நிறையச் செய்தல் மற்றொரு தொழில்; கரை காத்தல் மூன்றாவது; மடை திறந்து வயலுக்குப் பங்கிடுதல் நான்காவது. நான்கும் தத்தமக்குரிய இடத்தில் நிற்கின்றன. கூறியது கூறல் என்னும் குற்றம் இங்கில்லை.

பொருள் தேடுதலைக் குறிக்க வள்ளுவர்க்கு வேறு சொற்கள் இல்லாமற் போகவில்லை என்பதையும் உடன் கருதல் வேண்டும். பொருள் செயல்வகையில் (759) அவர் ஆண்டது ‘செய்’ என்னும் வினை. ஒப்புரவறிதலில் (212) முயன்று கொணர்ந்த பொருளைச் சொல்லுமிடத்து ஆண்டது ‘தா’ என்னும் வினை. வினைத்தூய்மையில் (660) வஞ்சனையால் பொருளாக்குவதைக் கூறும்போதும் ‘செய்’ என்பதே வருகின்றது. ஆகவே ‘ஈட்டு’ என்பதை அவர் தேர்ந்தெடுத்த இடங்களில் அச்சொல்லுக்கே உரிய பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் எனக் கொள்வது முறை.

அப்பொருளை அறிதற்கு ‘ஈண்டு’ என்னும் வினையினின்று தொடங்குதல் வேண்டும். தமிழில் மெல்லின மெய்யும் அதன் இனமாகிய வல்லின மெய்யும் அடுத்து நிற்கும் தன்வினைகள், அம்மெல்லினம் வல்லினமாகத் திரிந்து இரட்டித்தலால் பிறவினையாதல் இயல்பு. அடங்கு—அடக்கு, திருந்து—திருத்து, நிரம்பு—நிரப்பு, தோன்று—தோற்று என வருவன காண்க. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) திராவிட மொழிகளின் இவ்வியல்பை விரித்து ஆராய்ந்துள்ளார். இம்முறையில் டகர வரிசைக்கு அமைந்த இணை ஈண்டு—ஈட்டு என்பது. இவ்வரிசையில் இத்தகைய இணைகள் அருகியே காணப்படுதலால் இதன் உறவு பலர் கண்ணுக்குப் படாமற் போயிற்று எனலாம்.

இங்கு ஒரு மயக்கத்தை விலக்குதல் நன்று. திரள்—திரட்டு, உருள்—உருட்டு, புரள்—புரட்டு என ளகர ஈற்று வினைகளும் டகரம் இரட்டித்துப் பிறவினையாகின்றன. அவற்றுக்குத் திரண்டு, உருண்டு, புரண்டு என்னும் வடிவங்களும் உள. இவற்றைக் கண்டு, ஈண்டு என்பதன் அடியில் ‘ஈள்’ என ஒரு பகுதியை வருவித்துக்கொள்ளல் பொருந்தாது. திரண்டு என்பது இறந்தகால வினையெச்சம். ஈண்டு என்பதோ பகுதி. அதன் வினையெச்சம், கூடு என்பது கூடி எனவும் வேண்டு என்பது வேண்டி எனவும் வருதல் போல, ஈண்டி என வரும். இவ்வொரு வேறுபாடே போதும்.

மற்றொரு மயக்கம் இதனினும் வலியது. ‘இவ்விடம்’ எனப் பொருள்படும் ஈண்டு என்னும் சுட்டுச்சொல் யாவரும் அறிந்தது. நம்மனோர் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பக்கந்தோறும் வருவது. (இக்கட்டுரையில் மட்டும் அதனை அறவே விலக்கி ‘இங்கு’ என்றே எழுதி வருகிறோம், காரணம் வெளிப்படை.) இச்சுட்டுச்சொல்லிலிருந்தே, ‘இங்கு வந்து சேர்’ என்னும் கருத்தால் வினைச்சொல் பிறந்தது எனக் கூறுவார் கூற்றைச் செவிவழியாகக் கேட்டதுண்டு. கேட்பதற்கு இனிதாயினும் கொள்ளத்தக்கதன்று. ஈண்டு, ஆண்டு, யாண்டு என்னும் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. ஈண்டு என்னும் சுட்டு வினையாயிற்று என்றால், ‘அங்குச் சென்று சேர்’ எனும் பொருளில் ஆண்டுதல் என்றொரு வினையும் எழுந்திருத்தல் வேண்டுமன்றோ? இங்கு, அங்கு, எங்கு என்பனவும் ஈங்கு, ஆங்கு, யாங்கு என்பனவும் வினையாக மாறவில்லை. மேலும், பின்னர்க் காட்டப்படும் ஆட்சிகளில் ஈண்டுதல் பேசுவோன் நிற்கும் இடத்தை நோக்கியதாக இல்லை. எவ்விடத்தும் நிகழ்வதாகவே உள்ளது. ஆதலின் இவை ஓரொலியுடைய இரு வேறு சொற்கள் என்பதே எம் துணிபு.

ஓரொலியாதலால் செய்யுளில் எது எதுவெனப் பிரித்தறிதல் சில இடங்களில் வேண்டப்படும். மெய்யுணர்தல் அதிகாரத்தின் ஆறாங்குறளில் (356) ‘கற்று’ என்பதையடுத்து இச்சொல் நிற்கின்றது. கற்று நிறைந்து எனப் பொருள் கொள்ளத் தோன்றும். ஆனால் அப்பொருளுக்கு வடிவம் ஈண்டி என்றிருத்தல் வேண்டும். வினைத்தொகையாக்கி அடுத்து வரும் பெயரோடு இயைப்பதற்கும் இடமில்லை. அக்குறளின் இரண்டாம் அடியிலும் அதே சொல் ‘வாரா’ என்பதைத் தழுவி இடப்பொருளில் நிற்கின்றது. எனவே பரிமேலழகர் இரண்டனையும் இப்பிறப்பைச் சுட்டுவனவாகக் கொண்டது சாலப் பொருந்தும்.

இனி வினைச்சொல்லின் பொருளுக்கு வருவோம். சங்க நூல்களுள் இதனைத் தெளிவாகக் காட்டும் இடம் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்து மறுகினைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், கடல்வழி வந்த குதிரைகளையும், நிலவழி வந்த மிளகு மூடைகளையும், வடமலைப் பொன்னையும், மேலைமலைச் சந்தனத்தையும், தென்கடல் முத்தையும், கீழ்கடல் பவளத்தையும், கங்கையின் வளத்தையும், காவிரியின் பயனையும், ஈழத்து உணவையும், காழகத்துப் பொருளையும் ஒவ்வொன்றாக அடுக்கிச் சென்று, இவையெல்லாம் ‘ஈண்டி’ வளம் மலிந்தன என முடிக்கின்றார். இவ்விடத்தில் சொல்லின் கூறுகள் யாவும் ஒருங்கே புலப்படுகின்றன. வருபவை பல, அவை வரும் வழிகளும் பல, வந்து சேருமிடம் ஒன்று, அது நிறைகின்றது. புலவர் திசைகளை ஒன்றுவிடாது சொல்லிய பின்னரே இவ்வினையை வைத்தார் என்பது கருதத்தக்கது. கூடி என்றோ குவிந்து என்றோ சொல்லியிருந்தால் அத்திசைகளின் பன்மை வினையில் ஒலித்திராது.

கூடுதற்கு இரண்டு போதும். இருவர் கூடுவர், ஈறுகள் இரண்டு கூடும். குவிதல் வடிவம் பற்றியது. நெல் குவியும், கை குவியும், மலரும் குவியும். திரளுதல் நெகிழ்ந்தது இறுகுதலைக் குறிக்கும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையை நாட்டுமக்கள் அறிவர். தொகுத்தல் ஒருவன் கருதிச் செய்வது. தெரிந்தெடுத்தலும் முறைப்படுத்தலும் அதனுள் அடங்கும். எட்டுத்தொகையை ஈட்டம் என யாரும் சொல்லார். ஈண்டுதலோ பலவும் பல வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிறைதல். உலகைச் சூழ்ந்த கடலை ‘ஈண்டுநீர்’ எனப் புலவர் வழங்குவதும் (நாலடியாரில் ‘ஈண்டுநீர் வையம்’ என வரும்) இப்பொருளால்தான் சிறக்கின்றது. செறிந்த நீர் எனப் பொதுப்படக் கூறினும் இழுக்கில்லை. எனினும் ஆறுகள் பலவும் ஓடிவந்து புகும் கடலுக்கு இவ்வினை அடையாக அமைந்ததைத் தற்செயல் எனத் தள்ளுதற்கு எம் மனம் ஒப்பவில்லை.

‘சிறிது சிறிதாக’ என்னும் கருத்து இச்சொல்லில் உண்டா என வினவலாம். உண்டு என்பதற்குச் சான்று கேள்வி அதிகாரம். அதன் ஏழாங்குறளில் (417) நுணுகி ஆராய்ந்து உணர்ந்ததன்மேல் கேள்வியும் நிரம்பப்பெற்றாரை வள்ளுவர் கூறுமிடத்துக் கேள்விக்கு ‘ஈண்டிய’ என்னும் அடையைத் தருகின்றார். ஈண்டுதலாவது பல வழியாலும் வந்து நிறைதல் என்பது பரிமேலழகர் கருத்து. கேள்வி ஒருநாளில் வருவதன்று, ஒருவரிடமிருந்தே வருவதுமன்று. இதற்கு முந்தைய குறளோ (416) நல்லவற்றை எவ்வளவு சிறிதேனும் கேட்கவேண்டும், அவ்வளவிற்குப் பெருமை தரும் என்பது. சிறிய கேள்வியை ஏன் இகழலாகாது எனக் காரணங்காட்டப் புகுந்த பரிமேலழகர், மழைத்துளியை அதற்கு உவமையாக்கி, துளிபோல வந்து ‘ஈண்டி’ எல்லா அறிவையும் அது உண்டாக்கும் என்கின்றார். மூலத்தில் அக்குறளில் இல்லாத இவ்வினையை அடுத்த குறளிலிருந்து முன்னே கொண்டுவந்து, அதனைத் துளியோடு பொருத்திக் காட்டியது உரையாசிரியரின் நுண்மாண் நுழைபுலம். எழுநூறு ஆண்டுகட்கு முற்பட்ட அவர் செவியில், ஈண்டுதல் என்றால் துளித்துளியாகச் சேர்ந்து பெருகுதல் என்றே ஒலித்திருக்கின்றது. இதனினும் சிறந்த சான்றினை இச்சொல்லுக்கு நாம் தேடவேண்டுவதில்லை.

ஈட்டம் என்னும் பெயர்ச்சொல் இனி ஆராயற்பாலது. இச்சொல் இருவகைப் பொருளில் ஆளப்படுதல் கண்டு உரைகாண்பார் சிலர் இடர்ப்படுவர். குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியின் இரண்டாந் திருமொழியில், அரங்கனை வாழ்த்தி ஆடி அலந்து மெய்ம்மறக்கும் அடியாருடைய ஈட்டத்தைக் காணப்பெறின் அதுவே கண் பெற்ற பயன் என்கின்றார். இங்கு ஈட்டம் என்பது திரளாகிய கூட்டம். திருக்குறளில் நன்றியில் செல்வம் என்னும் அதிகாரத்திலோ (1003) ஈட்டம் என்பது பொருளைச் சேர்க்கும் செயல். அதனையே விரும்பிப் புகழை விரும்பாதார் நிலத்துக்குச் சுமை எனப்படுகின்றனர். அடியார் கூட்டமும் பொருள் சேர்த்தலும் ஒரு சொல்லுள் எவ்வாறு அடங்கின?

விடை சொல்லாக்கத்தில் உள்ளது. தோன்று என்னும் தன்வினையினின்று தோற்றம் எனவும், திருந்து என்பதினின்று திருத்தம் எனவும் பெயர் பிறக்கும்போது மெல்லினம் வல்லினமாகி இரட்டிக்கின்றது. ஆகவே ஈண்டு என்னும் தன்வினையும் அம் விகுதி பெற்று ஈட்டம் ஆகும். ஈட்டு என்னும் பிறவினையும் அதே விகுதி பெற்று ஈட்டம் ஆகும். ஆழ்வார் பாசுரத்தில் வருவது ஈண்டியவர்களின் ஈட்டம். குறளில் வருவது ஈட்டுவோரின் ஈட்டம். வடிவம் ஒன்றாயினும் தோன்றிய வழி இரண்டு. பொருளீட்டல் என்பதே மூலப்பொருள் எனக் கொண்டு தொடங்குவார்க்கு முன்னது விளங்காது. சேர்ந்து நிறைதல் என்பதை மூலமாகக் கொள்வார்க்கு இரண்டும் தடையின்றி விளங்கும்.

நாலடியாரின் பத்தாம் பாடல் பொருளைப் பிறர்க்குக் கொடாமல் வைத்து ஈட்டினவர் அதனை இழப்பர் எனக் கூறி, அதற்குத் தேனீயைச் சான்றாக நிறுத்துகின்றது. அங்கே தேனீயின் செயலுக்கும் ‘ஈட்டும்’ என்பதே வினை. பூக்கள் பலவற்றினின்று சிறிது சிறிதாகத் தேனைக் கொணர்ந்து ஓர் அடையில் நிறைக்கும் உயிர்க்கு இவ்வினை எத்துணைப் பொருத்தம் என்பதை விரிக்கவேண்டா.

இப்பொருள் வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நில்லாது உரையையும் மாற்றவல்லது என்பதற்கு 1009ஆம் குறள் தக்க எடுத்துக்காட்டு. அன்பினை நீங்கி, தன்னையும் வருத்தி, அறத்தை நோக்காது ஈட்டிய பொருளைப் பிறரே கொள்வர் என்பது அதன் கருத்து. ஈட்டல் சம்பாதித்தல் எனக் கொள்வார், அறத்தை நோக்காது என்பதற்குத் தீய வழியால் எனப் பொருள் காண்பர். அவ்வாறாயின் அக்குறள் பொருள் வந்த வழியைப் பழிப்பதாகின்றது. சேர்த்து வைத்தல் எனக் கொள்வார்க்கோ, அது பொருள் செல்லவேண்டிய வழியை அடைத்ததைப் பழிப்பதாகும். பரிமேலழகர், வறியார்க்கு ஈதல் முதலிய அறத்தை நினையாமல் எனப் பின்னதையே கொண்டார். அதிகாரமும் அதற்கே துணை நிற்கின்றது: நன்றியில் செல்வம் என்பது பயன்படாத செல்வமேயன்றித் தீதின் வந்த செல்வமன்று. தன்னை வருத்தி என்னும் தொடரையும் நோக்குக. உண்ணாதும் உடாதும் வயிற்றைக் கட்டிச் சேர்ப்பவனே தன்னை வருத்துவான். தீய வழியில் பொருள் பெறுபவன் பெரும்பாலும் தன்னை வருத்துவதில்லை. நேர்மையாக உழைத்துப் பெற்ற பொருளும், ஈயாது ஈட்டினால் இக்குறளின் கண்டனத்துக்கு உள்ளாகும். இக்காலப் பொருளைக் கொண்டு படிப்பவர் அக்கண்டனத்திலிருந்து தம்மை எளிதில் விலக்கிக்கொள்கின்றனர். அது குறளுக்கு நேர்ந்த இழப்பு.

அங்ஙனமாயின் சம்பாதித்தல் என்னும் பொருள் எங்கிருந்து வந்தது? நாலடியார் ஈயாமை அதிகாரத்தின் இறுதிப் பாடலில் (280) இதற்குரிய வாயில் தென்படுகின்றது. பொருளை ஈட்டல் துன்பம், ஈட்டியதைக் காத்தல் துன்பம், குறையினும் துன்பம், கெடினும் துன்பம் என அப்பாடல் அடுக்குகின்றது. குறளின் நான்கு படிகளோடு இதனை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். காத்தலுக்கு முன் குறள் இரண்டு படிகளை வைத்தது. நாலடியார் ஒன்றையே வைத்தது. இயற்றல் என்னும் முதற்படி சொல்லப்படாதபோது, அதன் பொருளையும் ஈட்டல் தானே சுமக்கவேண்டியதாகின்றது. பெற்றாலன்றிச் சேர்த்தல் இயலாதாகலின், சேர்த்தலைச் சொல்ல, பெறுதல் உடன்பெறப்பட்டது. நாளடைவில் உடன்பெறப்பட்டது முன்னின்றது. சொல்லின் தலைமைப்பொருள் பின்தங்கியது. சொற்பொருள் மாற்றங்கள் பல இவ்வாறு அருகில் நின்ற சொல் ஒன்று விலகிய இடத்திலேயே நிகழ்கின்றன.

எனினும் பொதுமக்கள் வழக்கில் இம்மாற்றம் இடம்பெறவில்லை. அவர்கள் பொருள் ‘தேடினர்’. நல்வழியில் ஔவையார், பாடுபட்டுச் சேர்த்த பணத்தைப் புதைத்து வைப்போரை இகழுமிடத்து ஆண்டதும் இவ்வினையே. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில், முன்னோர்வழி வந்த முதுசத்தினின்று பிரித்து, மணவாழ்வில் கணவனும் மனைவியும் உண்டாக்கிக்கொண்ட உடைமை ‘தேடியதேட்டம்’ எனப்படும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் அவ்வழமை எழுத்தில் தொகுக்கப்பெற்றது. தேடு என்பதினின்று தேட்டம் பிறந்த முறை ஈட்டம் பிறந்த முறையை ஒத்தது என்பதும் காண்க. வடமொழியினின்று வந்த சம்பாதி என்பது தேடு என்பதன் இடத்தைப் பெரும்பாலும் கவர்ந்துகொண்டது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழியக்கத்தின்பின், சம்பாதித்தலுக்குத் தமிழ்ச்சொல் நாடியோர் நூல்வழக்கில் இருந்த ஈட்டல் என்பதனை மேற்கொண்டது இன்றைய பொருளை நிலைபெறச் செய்தது எனக் கருதுகிறோம். கையருகில் இருந்த தேடு என்பதை விட்டு இதனை ஏன் எடுத்தனர் என்பது வியப்பே. தேடுதலுக்கு நாடிப் பார்த்தல் எனும் பொருளும் இருந்ததால் மயங்கும் என அஞ்சினர் போலும்.

வழக்கில் நிலைத்துவிட்ட பொருளைப் பெயர்த்தெறிதல் எம் கருத்தன்று. வருமானம் ஈட்டினான் எனத் தாராளமாக எழுதலாம். ஆயினும் ஒரு கலப்பினை மட்டும் தவிர்த்தல் வேண்டும். ஈட்டுத்தொகை, ஈட்டுப்படி போன்ற ஆட்சிச்சொற்களில் உள்ளது இவ்வினையன்று. அது ஈடு என்னும் பெயர், நாடு நாட்டு என்றாதல் போல டகரம் இரட்டித்து நிற்பது. இழப்பீடு என்பதில் வெளிப்பட நிற்கும் ஈடு அது. அரசு அலுவலகங்களில் வழங்கும் ‘ஈட்டிய விடுப்பு’ என்பதே நம் வினையின் வழி வந்தது. உழைத்துப் பெற்ற விடுப்பு எனும் கருத்தில் மொழிபெயர்த்தோர் அதனை அமைத்தனர். ஆனால் அவ்விடுப்பு பணிசெய்த நாட்களுக்கேற்பச் சிறிது சிறிதாகக் கணக்கில் சேர்ந்து நிறைவது. மொழிபெயர்த்தோர் கருதியோ கருதாமலோ, பழம்பொருளும் அத்தொடருள் பழுதின்றி அமைந்துவிட்டது.

கணக்குப்பதிவியல் பாடநூல்கள், நாள்தோறும் சேர்ந்து வந்தும் இன்னும் கைக்கு வாராத வருவாயைக் ‘கூடியுள்ள வருமானம்’ என எழுதுகின்றன. கூடுதல் என்பது மிகுதலையும் குறித்தலால், முன்னினும் மிகுந்த வருமானம் எனப் பயில்வோர் மயங்க இடமுண்டு. துளியாகச் சேர்ந்து நிற்பதற்கென்றே நம் மொழியில் ஒரு வினை இருக்கின்றது. ‘ஈண்டிய வருமானம்’, ‘ஈண்டிய வட்டி’ என வழங்கினால் பொருளும் மயங்காது, இடப்பொருட் சுட்டு ஒன்றே என எண்ணப்பட்டுவரும் அச்சொல்லின் மற்றைப் பாதியும் மாணவர்க்குத் தெரியவரும். கலைச்சொல் ஆக்குவோர் இதனைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.